கோரைமேட்டுக்கு முதல் பீரியட் கிடையாது

கோரைமேட்டுப் பிள்ளைகளுக்குக் கணக்கு ஏறாது. இதைச் சொன்னவன் வேறு யாருமில்லை, நான்தான். பதினொரு வருஷம் சொன்னேன். ஸ்டாஃப் ரூமில் சொன்னேன், பெற்றோர் கூட்டத்தில் சொன்னேன், ஒருதடவை ஆய்வுக்கு வந்த அதிகாரியிடமே சொன்னேன். அவரும் தலையை ஆட்டிவிட்டு டீயைக் குடித்தார். இன்றைக்கு அமராவதியைப் பற்றி எழுத உட்கார்ந்தால் அந்த வாக்கியத்திலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டியிருக்கிறது. வெட்கமாகத்தான் இருக்கிறது. இருக்கட்டும், எனக்கு நன்றாக வேண்டும்.

என் பெயர் தில்லைநாதன். வீடு சிதம்பரம் கீழவீதியில். தினமும் டவுன் பஸ் பிடித்து, காட்டுமன்னார்கோயிலுக்குப் பக்கத்தில் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளிக்கு வந்து பத்தாம் வகுப்புக்குக் கணக்கு நடத்துகிறவன். கோபம் ஜாஸ்தி. சாக்பீஸை எறிந்தால் குறி தப்பாது. பிள்ளைகள் எனக்கு வைத்த பட்டப்பெயரை இங்கே எழுதமாட்டேன்.

அமராவதி எங்கள் பள்ளிச் சத்துணவுக் கூடத்தில் உதவியாளர். 2004இல் சேர்ந்தபோது அவருக்கு முப்பது வயதுதான்; ஆனாலும் பிள்ளைகளுக்கு 'ஆயா'. அந்த வேலைக்கு யார் வந்தாலும் அதுதான் பெயர். ஊர் கோரைமேடு, பள்ளியிலிருந்து ஏழு கிலோமீட்டர். விடிந்ததும் அடுப்புக்கு வேண்டிய விறகை ஒரு பழைய சைக்கிளின் கேரியரில் கட்டிக்கொண்டு வாய்க்கால் கரையோடு மிதித்து வருவார். புருஷன் பக்கிரி ரைஸ்மில்லில் மூட்டை தூக்குகிறார். இரண்டு பெண்கள்: மூத்தவள் எழிலரசி, இளையவள் வெண்மதி.

எழிலரசி 2007இல் என்னிடம் பத்தாவது படித்தாள். மற்ற நாலு பாடத்திலும் பாஸ். கணக்கில் முப்பத்தொன்று. பாஸாக முப்பத்தைந்து வேண்டும். உடனடித் தேர்வு எழுதவைக்கலாமா என்று அமராவதி வந்து கேட்டார். "எதுக்கும்மா வீண் அலைச்சல்? இதுக்குக் கணக்கு ஏறாது" என்றேன். 'இது' என்று நான் சொன்ன பெண் அங்கேயே பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். ஆகஸ்ட் மாதம் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போய்விட்டாள். அந்த ஊரில் கணக்கில் ஃபெயிலான பெண்கள் எல்லோரும் அங்கேதான் போனார்கள்.

2009 ஜூனில் வெண்மதி என் வகுப்புக்கு வந்தாள். "இதுவும் ஊத்திக்கிச்சின்னா ரிசல்ட்டு வந்த மறுவாரமே அக்காகிட்ட அனுப்பிட வேண்டிதான்" என்று பக்கிரி முன்கூட்டியே சொல்லிவிட்டார். அமராவதிக்கு இரண்டாவது பெண்ணையும் திருப்பூர் பஸ்ஸில் ஏற்றிவிட மனசில்லை. அவளை நர்ஸாக்கிப் பார்க்க வேண்டும் என்று ஆசை. அதற்குப் பத்தாவது தாண்ட வேண்டும்; பத்தாவது தாண்டக் கணக்கு தாண்ட வேண்டும். கணக்கு என் கையில் இருந்தது.

ஆகஸ்டில் பெற்றோர் கூட்டம். முதல் பரீட்சையில் கோரைமேட்டுப் பிள்ளைகள் ஒன்பது பேரும் கணக்கில் ஃபெயில். நான் எழுந்து, "ஒரு பானை சோத்துக்கு ஒரு சோறு பதம்னு சொல்லுவாங்க. கோரைமேட்டுப் பேப்பர் ஒண்ணைத் திருத்தினாலே போதும், மிச்ச எட்டையும் பிரிக்கவே வேணாம்" என்றேன். சிலர் சிரித்தார்கள். கடைசி வரிசையில் அமராவதி உட்கார்ந்திருந்தார். அவர் சிரிக்கவில்லை.

ஒன்றைச் சொல்லாமல் இந்தக் கதையைச் சொன்னால் அது பாதிப் பொய். எங்கள் பள்ளிக்கு வரும் கோரைமேட்டுப் பிள்ளைகள் அத்தனை பேரும் காலனிப் பிள்ளைகள். ஊர்த்தெருப் பிள்ளைகளை மெட்ரிக் ஸ்கூல் வேன் எட்டரைக்கே வாசலில் வந்து ஏற்றிக்கொண்டு போய்விடும். காலனிக்கு ஒரே ஒரு டவுன் பஸ்தான், சேத்தியாத்தோப்பிலிருந்து வருவது. 'கணக்கு ஏறாது' என்று நான் அவ்வளவு சுலபமாகச் சொன்னதற்கும், கேட்டவர்கள் அவ்வளவு சுலபமாக நம்பியதற்கும் அவர்கள் எந்தத் தெரு என்பது காரணம் இல்லை என்று இப்போது சத்தியம் பண்ண என்னால் முடியாது.

சத்துணவில் ஒரு வழக்கம் உண்டு. காலையில் பிரேயர் முடிந்து முதல் பீரியட் தொடங்கியதும் அமராவதி வகுப்பு வகுப்பாக வந்து, "இன்னிக்கி எத்தினி பேரு சாப்புடுறீங்க, கையத் தூக்குங்க" என்பார். கையை எண்ணிக்கொண்டு போய் அந்த எண்ணுக்கு அரிசி போடுவார். பத்தாம் வகுப்பில் தூக்கும் கை பத்தொன்பது. மத்தியானம் தட்டோடு நிற்கிறவர்கள் இருபத்தெட்டு. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே இப்படிச் சோறு பத்தாமல் போய் அமைப்பாளர் அம்மாவிடம் திட்டு வாங்கினார். அதிலிருந்து பத்தாம் வகுப்புக்கு ஒன்பது பத்துத் தலை, மற்ற வகுப்புகளுக்கும் அதேபோலக் கொஞ்சம் என்று சேர்த்துப் போட்டுக்கொள்வது அவர் பழக்கம். வருஷத்துக்கு வருஷம் ஒன்றிரண்டு கூடும், குறையும், அவ்வளவுதான். லேட்டாக வருகிற பிள்ளைகள் என்று அவரும் அதற்குமேல் யோசிக்கவில்லை.

பெற்றோர் கூட்டத்துக்கு மறுநாள் காலையில் எண்ண வந்தவர், எண்ணி முடித்தும் போகாமல் வாசலிலேயே நின்றார். வெளியே வராந்தாவில் பையை மாட்டிக்கொண்டு அந்த ஒன்பது பேர் நிற்கிறார்கள். உள்ளே போர்டில் நான் இருபடிச் சமன்பாடு போட்டுக்கொண்டிருக்கிறேன். இரண்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுப் போனார். மத்தியானம் சோறு போடும்போது மகளை நிறுத்திக் கேட்டிருக்கிறார்.

"ஏன்டி, காலையில நீங்க வெளிய நிக்கிறப்ப உள்ள இன்னா பாடம்?"

"கணக்கும்மா."

"நேத்து?"

"கணக்கு."

"முந்தாநாளு?"

"தெனமும் மொத பீரியடு கணக்குதாம்மா."

"ஒங்க அக்கா படிச்சப்ப?"

"அப்பவும் இதே டைம்டேபிள்தான். சார் கலர் கலரா சார்ட்ல எழுதி ஒட்டிருக்காரு, நீ பாத்ததில்ல?"

அவ்வளவுதான். கையில் சோற்றுக் கரண்டியோடு நேராக ஸ்டாஃப் ரூமுக்கு வந்தார். நான் அப்போதுதான் டிபன்பாக்ஸைத் திறந்திருந்தேன்.

"சார், எங்க ஊரு புள்ளைங்களுக்கு நீங்க கணக்கே நடத்துனதில்ல."

"என்ன பேசறே நீ? பதினோரு வருஷமா நடத்தறேன்."

"உள்ள ஒக்காந்திருக்கிற புள்ளைங்களுக்கு நடத்துறீங்க. எங்களுது வெளியல்ல நிக்கிது."

"லேட்டா வந்தா முதல் பீரியட் வெளியே நிக்கணும். அது ரூல்."

"புள்ளைங்க லேட்டு இல்ல சார், பஸ்ஸுதான் லேட்டு. எட்டரைக்கெல்லாம் அதுங்க ரோட்டுல வந்து நிக்கிதுங்க. பஸ்ஸு இங்க எறக்கி உடறப்போ ஒம்போதே முக்காலு, பத்து. அதுக்குள்ள நீங்க பாதி போர்டு அழிச்சிடுறீங்க."

எனக்குச் சுருக்கென்றது. சுருக்கென்றால் நான் சத்தம் போடுவேன். வருகைப் பதிவேட்டை எடுத்து மேஜையில் போட்டேன். "பாரு. கோரைமேட்டுப் பிள்ளை ஒண்ணாவது ஆப்சென்ட்டா இருக்கா?" உண்மையில் இருக்காது. முதல் பீரியடில் அவர்கள் பெயருக்கு நேரே பென்சிலில் ஒரு புள்ளி வைத்துவிட்டு, இரண்டாவது பீரியடில் உள்ளே வந்ததும் பேனாவால் வருகை போட்டுவிடுவேன். எந்த அதிகாரி வந்து புரட்டினாலும் அத்தனை பேரும் ஆஜர்.

"அது ஒங்க நோட்டு சார். என் அரிசியில ஒம்போது பேரு கொறையுது."

"சோறாக்கறதைப் பாரும்மா. டைம்டேபிள் போடறது எங்க வேலை."

"தலைய எண்ணாம நான் ஒரு நாளும் ஒலை வெக்கிறதில்ல சார்" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "நேத்து கூட்டத்துல ஒரு பானை சோறு, பதம்னு சொன்னீங்க. அரிசிய ஒலையில போடாமயே பதம் பாத்துட்டீங்களே சார்" என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றைக்கு என் தயிர்சாதம் அப்படியே இருந்தது.

ஹெச்.எம். தேவசகாயம் நல்ல மனுஷர், ஆனால் யாரையும் பகைத்துக்கொள்ளமாட்டார். "கணக்கை மூணாவது பீரியடுக்கு மாத்திடலாமா தில்லை?" என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். முடியாது என்றேன். காலையில்தான் பிள்ளைகளுக்கு மூளை தெளிவாக இருக்கும், உலகம் முழுக்கக் கணக்கு முதல் பீரியட்தான் என்று பெரிய பிரசங்கமே செய்தேன். உண்மைக் காரணம் வேறு. எனக்குப் பதினொரு மணிக்கு மேல் கண் சொக்கும். அதோடு அந்த சார்ட் நான் ஸ்கெட்ச் பேனாவால் பார்டர் கட்டி எழுதியது. அதில் ஒரு சத்துணவு ஆயா கைவைப்பதா என்ற திமிர். வெறும் திமிர்தான், வேறு பெயர் கிடையாது.

இருந்தாலும் மனசு உறுத்தியது. இரண்டு நாள் கழித்து அமராவதியைக் கூப்பிட்டேன். "உன் பொண்ணை மட்டும் காலையில சைக்கிள்ல கூட்டிட்டு வந்துடேன். விறகுக்கு நான் ஹெச்.எம்.கிட்ட சொல்லி வேற ஏற்பாடு பண்றேன்."

"என் பொண்ணு வந்துடும் சார். மிச்சம் எட்டு பேரு?"

அரசாங்கம் இலவச சைக்கிள் கொடுக்கிறது. ஆனால் பதினொன்றாம் வகுப்பில்தான் கொடுக்கிறது. பத்தாவது தாண்டினால் சைக்கிள். சைக்கிள் இல்லாததால் பத்தாவது தாண்டவில்லை. கணக்கு வாத்தியாரான எனக்கு இந்தக் கணக்கு அதுவரை கண்ணில் படவில்லை பாருங்கள்.

செப்டம்பர் கடைசி, நடவு நேரம். ஒருநாள் காலை முதல் பீரியடில் போர்டுப் பக்கம் திரும்பி எழுதிக்கொண்டிருந்தேன். வகுப்பு கலகலவென்று சிரித்தது. திரும்பினால், வராந்தாவில் ஒன்பது பிள்ளைகளுக்குப் பின்னால் அவர்களுடைய அம்மாக்கள் எட்டுப் பேர் வரிசையாக நிற்கிறார்கள். ஒன்பதாவதாக அமராவதி. எட்டுப் பேரும் அதே பஸ்ஸில் அதே லேட்டில் வந்து இறங்கியிருக்கிறார்கள். அன்றைய நடவுக்குப் போகவில்லை.

"என்ன இது?" என்றேன்.

கொளஞ்சி என்று ஒரு அம்மாள். வாய் சும்மா இருக்காது. "ஒண்ணுமில்ல சார். நாங்களும் லேட்டு. ரூலு ரூலுதானே? வெளியவே நிக்கிறோம், நீங்க நடத்துங்க."

கூச்சல் இல்லை, கோஷம் இல்லை, தர்ணா என்று யாரும் சொல்லவில்லை. சும்மா நின்றார்கள், ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு. நான் நடத்தினேன். பத்து நிமிஷம் தாண்டவில்லை, போர்டில் ப்ளஸ் போட வேண்டிய இடத்தில் மைனஸ் போட்டேன். முன்வரிசைப் பையன் சுட்டிக்காட்டினான். கொளஞ்சி பக்கத்தில் நின்றவரிடம், "அட, சாருக்கே ஏற மாட்டேங்குது" என்றார். வகுப்பு வெடித்துச் சிரித்தது. இன்னொரு நாளாக இருந்திருந்தால் சாக்பீஸ் பறந்திருக்கும். அன்றைக்கு எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். பதினொரு வருஷமாக நான் கூடத்தைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன். பெல் அடித்ததும் நேராகப் போய் சார்ட்டைச் சுவரிலிருந்து பிய்த்தேன்.

புது டைம்டேபிளில் கணக்கு மூன்றாவது பீரியட். முதல் பீரியடில் விளையாட்டு, நூலகம், கைத்தொழில் என்று வாரம் முழுக்கப் போட்டு அடைத்தோம். விளையாட்டு ஆசிரியர் சபாபதி, "காலங்காத்தால வெயிட்டான பாடத்தை விட்டுட்டு கோகோவா?" என்று ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. பஸ் இன்றைக்கும் அதே நேரத்துக்குத்தான் வருகிறது. இதெல்லாம் சரி.

சரியில்லாதது கணக்கு. ஒன்பது பேரையும் உட்காரவைத்து நடத்த ஆரம்பித்த பிறகுதான் தெரிந்தது, ஒன்பதாம் வகுப்பில் வேறு வாத்தியார் நடத்தினாலும் அவர்களுக்கு முதல் பீரியட் கணக்குதான். அதுவும் என் சார்ட்தான். பின்னமே தகராறு. இருபடிச் சமன்பாட்டை மூட்டை கட்டிவைத்துவிட்டு அடியிலிருந்து தொடங்கினேன். அரையாண்டுத் தேர்வில் ஒன்பதில் ஐந்து பேர் ஃபெயில். வெண்மதி முப்பத்துநாலு. ஒரு மார்க்!

பக்கிரிக்கு அது போதுமானதாக இருந்தது. பொங்கலுக்குத் திருப்பூரிலிருந்து ஆள் கூட்டிப் போகிறவன் வந்தபோது, "மார்ச்சு வரைக்கும் எதுக்குக் காத்திருக்கணும்?" என்று பேச்சை எடுத்திருக்கிறார். வீட்டில் பெரிய சண்டை. மறுநாள் வீங்கிய கண்ணோடு அமராவதி என்னிடம் வந்தார். நானும் உள்ளுக்குள், 'பார்த்தாயா, பீரியடை மாற்றியும்...' என்று பழைய பாட்டைத் தொடங்கியிருந்தேன். மறைத்து என்ன பயன்.

"அந்த ஆளை வாசப்படி மிதிக்கக் கூடாதுன்னுட்டேன் சார். அவுங்க அப்பாகிட்டயும் சொல்லிட்டேன், பரீச்ச முடியிற வரைக்கும் திருப்பூரு பேச்சே எடுக்கக் கூடாதுன்னு. நீங்க மனசு உட்டுறாதீங்க. பத்து வருசத்துப் பசி சார். ஒரு வேளைச் சோத்துல அடங்குமா?"

நான் மனசு விட்டுவிட்டேன் என்று அவருக்கு எப்படித் தெரிந்ததோ! அன்றிலிருந்து மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு அரை மணி நேரம் அந்த ஒன்பது பேரையும் சத்துணவுக் கூடத்து நிழலில் உட்காரவைத்துக் கணக்குப் போடவைத்தேன். எனக்குத் தூக்கம் வரும் நேரம்தான். தூங்கினால் பாத்திரம் கழுவிக்கொண்டே அமராவதி ஒரு குண்டானைத் தொம்மென்று கீழே போடுவார். தற்செயலாகத்தான் விழுகிறது என்பார்.

2010 மே மாதம் ரிசல்ட். காலையிலேயே காட்டுமன்னார்கோயில் பிரவுசிங் சென்டரில் போய் உட்கார்ந்தேன். ஒன்பது நம்பரையும் காகிதத்தில் எழுதி வைத்திருந்தேன். ஒவ்வொன்றாக அடிக்கச் சொன்னேன். முதல் நம்பர், கணக்கு நாற்பத்தொன்று, பாஸ். இரண்டாவது ஐம்பத்தாறு. மூன்றாவது நாற்பத்தொன்பது. ஏழு, எட்டு, எல்லாம் பாஸ். கடைசியாக வெண்மதி. எண்பத்தேழு! நான் போட்ட கூச்சலில் கடைக்காரர் எழுந்தே நின்றுவிட்டார். "சாரு பொண்ணுங்களா?" என்றார். ஒன்பது பேரும் என்றேன்.

அங்கிருந்து கோரைமேட்டுக்குப் பஸ் ஏறினேன். பன்னிரண்டு வருஷத்தில் ஒருநாளும் அந்த ஸ்டாப்பில் இறங்கியதில்லை. நாற்பது நிமிஷம் காத்திருந்த பிறகுதான் பஸ் வந்தது. உள்ளே நிற்கவும் இடமில்லை. காலனிக்குள் நான் நடந்து வருவதைப் பார்த்துக் கொளஞ்சிதான் முதலில் ஓடிவந்தார். நான் மார்க் லிஸ்ட்டை உயர்த்திக் காட்டி, "ஒம்பதும் பாஸ்!" என்று கத்தினேன். தெருவே திரண்டுவிட்டது. யாரோ சர்க்கரையை அள்ளி என் வாயில் போட்டார்கள். பக்கிரி ஓரமாக நின்று துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே, "எம்பத்தேழா? எம்பத்தேழுதானே சொன்னீங்க?" என்று நாலுதடவை கேட்டார். வெண்மதி அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

அமராவதி மகள் தலையைத் தடவிக்கொண்டே அந்தப் பட்டியலை ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு பக்கிரியின் செல்போனை வாங்கித் திருப்பூருக்குப் போட்டார்.

"எழிலு, தங்கச்சி பாஸுடி. ஒம்போது பேருமே பாஸு. ஒருத்தரு பாக்கியில்ல... கேளு, அது இல்ல நான் சொல்ல வந்தது. ஒனக்குக் கணக்கு வராம இல்லடி. ஒனக்கு நடத்தவே இல்ல." சட்டென்று போனை என் கையில் கொடுத்தார். "நீங்க சொல்லுங்க சார். நீங்க சொன்னதைத்தான் அது இன்னும் நம்பிக்கிட்டு இருக்குது."

தெரு முழுக்க என்னையே பார்த்தது. "எழிலரசி, தில்லைநாதன் பேசறேன்மா. அன்னிக்கு உனக்குக் கணக்கு ஏறாதுன்னு சொன்னேன். அது தப்பு. தப்பு என்னுது. உன்னுது இல்ல."

பின்னால் மெஷின் ஓடும் சத்தம் கேட்டது. பிறகு மெதுவாக, "அப்ப நான் மக்கு இல்லையா சார்?"

"இல்லம்மா."

மூன்று வருஷம் அந்தப் பெண் அந்த வார்த்தையைத் திருப்பூரில் சுமந்துகொண்டு இருந்திருக்கிறாள். நான் தெருவில் நின்று அழுதேன். யாரும் தடுக்கவில்லை. மூக்கை உறிஞ்சிவிட்டு அவள் கேட்டாள்: "ப்ரைவேட்டா எழுதறதுக்கு ஃபாரம் எங்க சார் கெடைக்கும்?" அந்த வாரக் கடைசியில் பெட்டியோடு ஊர் வந்து சேர்ந்தாள்.

வெண்மதி இந்த வருஷம், 2012இல், பிளஸ் டூ முடித்துக் கடலூரில் நர்சிங் சேர்ந்துவிட்டாள். எழிலரசி அன்றைக்கு வந்தவள் ஜூன், ஜூலை, ஆகஸ்ட் முழுக்க அந்தச் சத்துணவுக் கூடத்து நிழலில் அடுத்த வருஷத்துப் பிள்ளைகளோடு உட்கார்ந்து கணக்குப் போட்டாள். தனித்தேர்வு எழுதினாள். அந்த ரிசல்ட் வந்த அன்று நான் பிரவுசிங் சென்டருக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். அதற்குள் போன் அடித்தது. அமராவதியே போய்ப் பார்த்துவிட்டார்.

"சொல்லுங்கம்மா, எவ்வளவு?" என்றேன்.

"அறுபத்தெட்டு சார். ஒங்க நோட்டுல எழுதிக்குங்க."